ஏழாம் நம்பர் கடைக்கு வந்த ஆர்டர்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தேன். வயது முப்பத்தொன்று. கடை முதலாளி தமிழ் முஸ்லிம்; அவருடைய அப்பா காலத்திலிருந்தே சேலை வியாபாரம். ஒருநாள் ஆங்கிலப் பத்திரிகையை மடித்துக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"அமெரிக்காவுல சேலையக் கம்ப்யூட்டர்ல விக்கிறானாம்மா. பிரிக்பீல்ட்ஸ்ல அத சொல்லிக் குடுக்கிறாங்க. நீ போய் படிச்சிட்டு வா."

"எனக்கு டைப்பிங் மட்டும்தான் தெரியும் முதலாளி."

"அது போதும் லா. எனக்கு அதுவும் தெரியாதே."

அப்படித்தான் ஐந்து சனிக்கிழமைகள் ரயிலேறிக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் வந்தேன். வகுப்பு, ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில். எட்டுக் கம்ப்யூட்டர்கள், ஒரே ஒரு டெலிபோன் லைன். கொஞ்ச தூரத்தில் புது ரயில் நிலையத்துக்காகத் தூண் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் மேசையில் இருக்கிற தேநீர் லேசாக ஆடும். சொல்லிக்கொடுத்தவர் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். அரசாங்க வேலையை விட்டுவிட்டு இதை ஆரம்பித்திருந்தார். எல்லாரும் அவரை சார் என்று கூப்பிட்டோம்.

முதல் நாள் அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. கடை கட்டுவதற்குச் செங்கல் தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும் என்றார். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கடையின் கூட்டைத் தயாராக வைத்திருக்கிறது. நாம் அதற்குள் போய் அலமாரிகளைப் பிரிக்க வேண்டும், பொருளின் படத்தை ஏற்ற வேண்டும், கீழே நாலு வரி விவரம் எழுத வேண்டும், கையிருப்பு எத்தனை என்று போட வேண்டும். வாங்குகிறவர் பொருளைக் கூடையில் போட்டுத் தன் விலாசத்தைக் கொடுத்தால் அது ஆர்டராக நமக்கு வந்து நிற்கும். கையிருப்பு தானாகவே ஒன்று குறையும்.

பழகுவதற்கு ஆளுக்கு ஒரு பயிற்சிக் கடை. காசு எதுவும் போகாது, வராது. கடைகளுக்குப் பெயர் இல்லை, நம்பர் மட்டும்தான். எனக்குக் கிடைத்தது ஏழாம் நம்பர்.

மற்றவர்களின் கடைகள் காலியாக இருந்தன. என் கடையைத் திறந்தபோது அதில் சாமான்கள் இருந்தன.

ஆறு சாமான்கள். ஒரு பிரம்பு நாற்காலி. ஒரு தையல் மெஷின். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. ஒரு மேசை விசிறி. குழந்தையைக் குளிப்பாட்டுகிற நீலப் பிளாஸ்டிக் தொட்டி. கடைசியாக, கூரைக் கொக்கியிலிருந்து ஸ்பிரிங்கில் தொங்குகிற ஒரு துணித் தொட்டில். எல்லாமே ஒரே வீட்டில் எடுத்த படங்கள் என்று தரையின் பச்சை மொசைக்கைப் பார்த்தாலே தெரிந்தது. சன்னல்களைச் சாத்திவிட்டு எடுத்திருந்தார்கள் போலிருக்கிறது. பளிச்சென்று விளக்கு விழுந்த பொருள் மட்டும் தெரிந்தது, சுற்றிலும் இருட்டு. தொட்டிலில் துணி கொஞ்சம் கனமாகத் தொங்கியது. உள்ளே ஏதோ இருந்த மாதிரி.

சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இது போன வகுப்பில ஒராள் போட்டது. வீட்டில இருக்கிறதப் படமெடுத்துப் பழகுங்கோ எண்டு நான்தான் சொன்னனான். அவ பாதியில நிண்டுட்டா. அழிச்சிட்டு உங்கட சாமானப் போடுங்கோ."

அன்றைய பாடமும் அதுதான்: பொருளைச் சேர்ப்பது, அழிப்பது. ஆறையும் ஒவ்வொன்றாக அழித்தேன். ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர், நிச்சயமாக அழிக்கட்டுமா என்று கேட்டது. தொட்டிலுக்கு மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு 'ஆமாம்' கொடுத்தேன். அப்புறம் முதலாளி கொடுத்துவிட்ட ஒரு பட்டுச்சேலைப் படத்தை ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த சனிக்கிழமை கடையைத் திறந்தால் என் சேலைக்குப் பின்னால் அந்த ஆறும் வரிசையாக நின்றன. அதே படங்கள், அதே வரிசை. ஒரே வித்தியாசம், பிரம்பு நாற்காலியின் கையிருப்பு பூஜ்யம். ஆர்டர் பக்கத்தில் ஒரு ஆர்டர் வந்திருந்தது.

"சார், இத யாரு வாங்குனா? இந்தக் கடை இருக்கிறதே வெளிய யாருக்கும் தெரியாதே!"

அவர் தலையைச் சொறிந்தார். கம்பெனிக்காரர்கள் பழையதை எடுத்துத் திரும்ப வைத்திருப்பார்கள், ஆர்டர் யாராவது விளையாட்டுக்குச் செய்ததாக இருக்கும் என்றார். பாஸ்வேர்டை மாற்றித் தருகிறேன் என்று சொன்னவர் அதை மறந்தும் போனார்.

மூன்றாவது வாரம் தையல் மெஷினும் அலமாரியும் போயிருந்தன. இந்தத் தடவை ஆர்டரைத் திறந்து முழுவதும் படித்தேன். வாங்கியவர் ஓர் ஆண். தமிழ்ப் பெயர். விலாசம் ஜெஞ்சாரோம். கிள்ளானிலிருந்து பந்திங் போகிற பஸ்ஸில் போனால் வழியில் வருகிற ஊர்தான். கடைக்காரருக்குக் குறிப்பு எழுதுகிற கட்டத்தில், ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியிருந்தது: 'அலமாரிக் கண்ணாடி பத்திரம்.'

யாரோ விளையாடுகிறார்கள் என்றால் கண்ணாடி உடைந்துவிடும் என்று ஏன் கவலைப்பட வேண்டும்?

அன்று ஒரு காரியம் செய்தேன். மற்றதையெல்லாம் விட்டுவிட்டுத் தொட்டிலை மட்டும் அழித்தேன். என்ன ஆகிறது பார்ப்போம் என்ற எண்ணம்தான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நான்காவது வாரம் தொட்டில் திரும்பி வந்திருந்தது. ஆறில் ஆறும் பூஜ்யம். தொட்டிலுக்கான ஆர்டரில் இப்படி எழுதியிருந்தது: 'சத்தமில்லாமல் கொண்டு வரவும். பிள்ளை தூங்குது.'

படித்துவிட்டுத் திரையை அணைத்தேன். பக்கத்து மேசைக்காரர், என்னாச்சு அக்கா, ஏன் அணைச்சிட்டீங்க என்று கேட்டார். தூண் இறக்குகிற சத்தத்தில் தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விலாசத்தைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு பந்திங் பஸ் ஏறினேன். போகாமல் இருந்தால் அந்த வரி என்னை விடாது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. வரிசை வீடுகள், கடைசிக்கு முந்தின வீடு. கேட் திறந்து கிடந்தது, கதவும் திறந்திருந்தது.

"வீட்டுல யாராச்சும் இருக்கீங்களா?"

ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். சட்டை இஸ்திரி போட்டிருந்தது, தலை வாரியிருந்தது. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவா பேசுங்க. இப்பதான் தூங்குச்சு."

அவருக்குப் பின்னால் ஹால் தெரிந்தது. பச்சை மொசைக் தரை. நாற்காலி இல்லை, மேசை இல்லை, சன்னலுக்குத் திரைகூட இல்லை. கூரையில் ஓர் இரும்புக் கொக்கி. தரையில், ஓர் அட்டைப்பெட்டியின் மேல் கம்ப்யூட்டர். அதன் திரையில் ஏழாம் நம்பர் கடை திறந்திருந்தது. நான் ஏற்றிய பட்டுச்சேலை மேலே தெரிந்தது.

"கடையிலிருந்தா வரீங்க?" என்றார், குரலைத் தாழ்த்தி.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா அண்ணே."

"கொண்டு வந்துட்டீங்களா?"

"இன்னும் வரல."

"பரவால்ல. நான் இருக்கேன். ஆனா…" கொஞ்சம் தயங்கினார். "அத டெலிட் பண்ணாதீங்க. ஒவ்வொரு தடவையும் திரும்பப் போட வேண்டியதா இருக்கு."

கோபமே இல்லாமல்தான் சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து கேட்டுக்கு வெளியே வந்தேன். பக்கத்து வீட்டு ஆன்டி ஒருவர் துணி காயப்போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தார்; கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"என்னம்மா, உள்ள பிள்ள தூங்குதுன்னு சொன்னாரா?"

"ஆமா ஆன்டி. பிள்ள எங்க?"

"ஏது பிள்ள! காய்ச்சல்ல போயி நாலு மாசமாச்சு. இவரு பொஞ்சாதி சுபாங் ஜெயாவுல அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. இவரு வேலைக்குப் போறாரு, வராரு, எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. வீட்டுக்குள்ள வந்தா மட்டும் இப்படி. தெருவுல பிள்ளைங்க சத்தம் போட்டா வந்து கையெடுத்துக் கும்பிடறாரும்மா."

பஸ்ஸுக்கு நின்றபோதுதான் எல்லாம் புரிந்தது. பாதியில் நின்ற மாணவி அந்தப் பெண்தான். வகுப்புக்காக அவள் வீட்டுச் சாமான்களைப் படமெடுத்து அடுக்கினாள். வீடு காலியான பிறகு அவருக்கு மிச்சமிருந்தது அந்தக் கடை ஒன்றுதான். அவளுடைய பாஸ்வேர்டும் படங்களும் அவர் கையில் இருந்திருக்கின்றன. அதைத்தான் நான் முதல் நாளே, சொல்லிக்கொடுத்தபடி, ஒவ்வொன்றாக அழித்திருக்கிறேன்.

திங்கட்கிழமை ஜவுளிக்கடைப் போனிலிருந்து சாருக்குச் சொன்னேன். "வகுப்புப் படிவத்தில அவவின்ட ஒபிஸ் நம்பர் இருக்கு. நான் கதைக்கிறன்" என்றார்.

கடைசி சனிக்கிழமை அவள் வந்தாள். நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். அலுவலக அட்டை கழுத்தில் தொங்க, நேராக வேலையிலிருந்து வந்திருந்தாள். என் நாற்காலியில் உட்கார வைத்துக் கடையைத் திறந்து காட்டினேன். ஆர்டர்களை மேலிருந்து கீழே படித்தாள். தொட்டிலுக்கு வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்தப் படம் எடுக்கறப்ப அவன் உள்ள தூங்கிட்டுதான் இருந்தான் அக்கா," என்றாள்.

தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தேன்.

குடித்துவிட்டுச் சொன்னாள். "நான்தான் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகச் சொன்னேன். அவரு வேலைக்குப் போயிருந்தாரு. அண்ணன் லோரி கொண்டு வந்தாரு, ஒரே மணி நேரத்துல முடிஞ்சிருச்சு. என்னால பாத்துட்டு இருக்க முடியல. சாயந்திரம் வந்தவரு ஏன்னுகூட கேக்கல. அந்தக் கோபத்துலதான் நானும் போயிட்டேன். ஒரு வார்த்த கேட்டிருந்தா அழுதிருப்பேன் அக்கா."

ஆர்டருக்குப் பதில் எழுதுகிற இடம் எங்கே என்று கேட்டாள். அந்தப் பாடத்துக்கு முன்பே அவள் நின்றுவிட்டிருந்தாள். காட்டிக்கொடுத்தேன். ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்தினாள். நான் திரும்பி நிற்க வேண்டும் என்று நினைத்தேன்; நிற்கவில்லை. 'சரக்கு இல்லை. நான் வரேன்' என்று எழுதினாள். அனுப்பிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அன்றைக்கே ஜெஞ்சாரோம் போய்விட்டாள் என்று பிறகு சார் சொன்னார். கணவரைக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்ததாகவும், குணமாக நாளாகும் என்று டாக்டர் சொன்னதாகவும் அவளே போனில் சொன்னாளாம். ஏழாம் நம்பர் கடையை அவள் சொல்லும்வரை சார் தொடவில்லை. மூன்று மாதம் கழித்து, அழித்துவிடலாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்ததாகச் சொன்னாள். சார் என்னைக் கூப்பிட்டார், நீங்களே வந்து செய்யுங்கோ என்று. நான் போகவில்லை. அவரே செய்தார்.

ஜவுளிக்கடைக்கு நான் கட்டிய கடையில் நாற்பது சேலைகள் ஏறின. முதலாளி தினமும் காலையில் வந்து எட்டிப் பார்ப்பார். ஆர்டர் பக்கம் காலியாக இருந்தால் எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருக்கும். அதை அவரிடம் சொல்ல முடியுமா?

அடுத்த வருடம் கிள்ளான் பஸ் ஸ்டாண்டில் அவர்கள் இருவரையும் பார்த்தேன். அவள்தான் முதலில் அடையாளம் கண்டு வந்து கையைப் பிடித்தாள். மெலிந்திருந்தாள். அவர் ஒரு பையில் காய்கறி வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். என்னைத் தெரிந்த மாதிரி அவர் முகத்தில் எதுவும் இல்லை. மரியாதைக்குச் சிரித்தார்.

"கடை எப்படிப் போகுது அக்கா?" என்று அவள் கேட்டாள்.

"இன்னும் ஒரு சேலகூட விக்கல."

அவள் சிரித்துவிட்டாள். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன கடை?" என்றார். குரல் சாதாரணமாக, உரக்கவே இருந்தது.

"துணிக்கடை," என்றாள் அவள். பந்திங் பஸ் வந்து நின்றது. அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு அவரை முன்னால் ஏறச் சொன்னாள்.