சுகிர்தா படித்த இருநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள்

சுகிர்தா எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் மொத்தம் பதினொன்று. அவற்றில் பத்தை உலகம் அநேகமாகக் கண்டுகொள்ளவில்லை. ஒன்றை மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருந்தார்கள்.

காவாந்தண்டலத்தில் கூலி வேலை செய்து வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். இன்றும் அம்மா மார்த்தாளுடன் அங்கேயே இருந்துகொண்டு, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரிக்குத் தினமும் பஸ்ஸில் போய் மூலக்கூறு உயிரியல் கற்பிக்கிறார். இலையிலிருந்து டி.என்.ஏ. எடுக்க, அதைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து அரைப்பதே வழக்கம். கல்லூரிக்கு நைட்ரஜன் வாங்க வசதி இல்லாததால், ஏரிக்கரைக் கோரையை வெயிலில் காய வைத்து, அரைத்து, உப்புக் கரைசலில் ஊற வைத்து டி.என்.ஏ.வைப் பிரித்துக் காட்டினார். அதுதான் அந்தக் கட்டுரை.

பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அந்த எண்ணைக் கவனித்தார். யார் இந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேர்? தன் உப்புக் கரைசலை வைத்து என்ன செய்தார்கள்? தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. கோடை விடுமுறை முழுக்க ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய் வந்த பிறகு, லேப்டாப்பைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தார்.

"இன்னாடி, தனியா சிரிச்சிக்கினு கீற?" என்றார் மார்த்தாள்.

"ஒரு லிட்டர் தண்ணில எண்ணூத்தி இருவது கிராம் உப்பு போட்டேன்னு எழுதிக்கீறாங்கம்மா."

"அவ்ளோ உப்பு எங்க கரையும்? பாதி அடியிலயே தங்கிடுமே."

"அதான். போட்டே பாக்கல. போட்டா மாதிரி எழுதிக்கீறாங்க."

எண்பத்திரண்டு கிராம்தான் சரி. இந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்று தன் கட்டுரையைத் திறந்து பார்த்தவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. விளக்கத்தில் சரியாக இருந்தது. அட்டவணையில் ஒரு பூஜ்யம் கூடியிருந்தது. அவர் கையால் தட்டச்சு செய்த அட்டவணை. ஏழு வருடமாக அவரே கவனிக்கவில்லை.

முப்பத்தோரு கட்டுரைகளில் அதே எண்ணூற்றிருபது இருந்தது. செடிகளின் டி.என்.ஏ.வில் ஒரே மாற்றம் இரண்டு செடிகளில் இருந்தால், அவை ஒரே வம்சமா என்று தேடுவது அவர் தொழில். அதே போல இங்கும், எந்தக் கட்டுரையின் வரிகள் எதில் அப்படியே திரும்ப வருகின்றன என்று தேடினார். அவருடைய அட்டவணையிலிருந்து நேரே எடுத்தவை மூன்று கட்டுரைகள்தாம். மற்ற இருபத்தெட்டும் அந்த மூன்றைப் பார்த்து எழுதியவை.

இன்னொரு தேடலில் திருவண்ணாமலைப் பக்கத்து மாணவி ஒருத்தியின் ஆய்வேடு கிடைத்தது. சுகிர்தாவின் கட்டுரையைக் குறிப்பிட்டு, "இச்செய்முறை மூன்று தடவையும் தோல்வியுற்றது; கைவிடப்பட்டது" என்று ஒரே வரி. பெயர் கலா. எண்ணைத் தேடிப் பிடித்து சுகிர்தா போன் செய்தார்.

"கலா, நீ எவ்ளோ உப்பு போட்ட?"

"டேபிள்ல இருந்த மாதிரிதான் மேடம். கரையவே இல்ல. என் கைதான் சரியில்லன்னு கைடு சொன்னாரு. ரெண்டு மாசம் போச்சு."

"தப்பு உன் கை மேல இல்லம்மா. என் டேபிள்ல. எண்பத்திரண்டு போட்டுப் பாரு."

மறுநாளே, கட்டுரையை வெளியிட்ட இதழுக்குத் திருத்தக் குறிப்பு எழுதினார். பக்கத்து ஆய்வகத்து ஜெகன் தடுத்தார்.

"இன்டர்வியூக்கு ஒரு மாசம்தான் கீது மேடம். முடிஞ்ச பிறகு போடுங்க. இருக்கிற ஒரே பெரிய பேப்பர் இதான். அதுலயே தப்புன்னா இன்னா நினைப்பாங்க?"

"அதுக்குள்ள இன்னொரு பொண்ணு எண்ணூத்தி இருவது கிராம் கொட்டிட்டா?" என்று கேட்டுவிட்டு அனுப்பினார்.

மூன்று வாரத்தில் திருத்தம் வெளியானது. நேர்காணலில் தேர்வுக் குழுத் தலைவர் விண்ணப்பத்தைப் புரட்டாமலே, இணையத்திலிருந்து அன்று எடுத்த பட்டியலை மட்டும் பார்த்து, "பன்னிரண்டு வெளியீடு, இருநூத்துப் பன்னிரண்டு சைட்டேஷன். நல்லது," என்றார்.

"பதினொண்ணுதான் சார். கடைசியா இருக்கிறது என் தப்புக்கு நானே போட்ட திருத்தம்."

ஓரத்தில் இருந்த அம்மையார் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "என்ன தப்பு?" என்று கேட்டார். சுகிர்தா சொன்னார். முப்பத்தொன்று எப்படி மூன்றிலிருந்து வந்தது என்று தாளில் கோடு போட்டுக் காட்டினார். இருபது நிமிட நேர்காணல் ஒரு மணி நேரம் நீண்டது. அதில் பாதி நேரம் தலைவரே கேள்வி கேட்டார்.

ஆகஸ்டில் பதவி உயர்வு ஆணை வந்தது. அதற்கு முன்பே கலாவிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. கறுப்புப் பின்னணியில் பளிச்சென்று நாலு வெள்ளைப் பட்டைகள். நாலு இலைகளின் டி.என்.ஏ.

சுகிர்தா இப்போது கோரையை விட்டுவிட்டு, வேறு கட்டுரைகளில் இப்படி எத்தனை தப்புகள் வம்சம் வம்சமாக இறங்குகின்றன என்று தேடிக்கொண்டிருக்கிறார். அந்த வேலையில் கலாவும் சேர்ந்திருக்கிறாள்.