இருபத்துமூன்றாவது ஆள்

பாரிஜாதம் எண்ணிப் பிழைப்பவர். டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்கு உணவு அனுப்பும் பெரிய சமையற்கூடத்தில், சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கிய தள்ளுவண்டிகளை எண்ணி, பூட்டி, முத்திரையிட்டு, தாளில் கையொப்பமிடுவது அவருடைய வேலை. இருபத்திரண்டு வருடங்களாக அதைச் செய்கிறார். ஒரு தட்டுக் குறைந்தாலும் வண்டியைத் திறந்து முதலிலிருந்து எண்ணுவார். விமானம் காத்து நிற்கிறதென்று மேலாளர் கத்தினாலும் அவர் கையின் வேகம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

தாள்களின் மேல் அவருக்குப் பிடிப்பு வந்தது அதற்கும் முன்பு. தொண்ணூற்று நான்காம் ஆண்டு தனியாக இந்த நாட்டில் வந்திறங்கியபோது, அவரை விசாரித்த அதிகாரி, சொல்வதற்கெல்லாம் ஆதாரம் எங்கே என்று கேட்டார். கையில் ஒன்றும் இருக்கவில்லை. அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அதை மாற்றி எழுதுவிக்க நான்கு வருடங்கள் எடுத்தன. அன்றிலிருந்து அவர் ஒரு துண்டுக் கடதாசியையும் எறிந்ததில்லை. மொன்ட்ரியால்-நோரில், மூன்றாம் மாடியிலுள்ள வாடகை வீட்டின் படுக்கையறைச் சுவர் ஒன்று முழுவதும் கோப்புகள். பிரெஞ்சு மொழியைக்கூட அவர் வகுப்பில் படிக்கவில்லை; தொழிற்சங்க ஒப்பந்தத்தையும் ஓர் அகராதியையும் எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு குளிர்காலங்களில் தானாகவே படித்து முடித்தார். கலியாணம் செய்துகொள்ளவில்லை. ஏனென்று கேட்டவர்களுக்கு விளக்கம் கொடுத்ததுமில்லை.

சென்ற மார்கழியில் மூத்தோர் ஒன்றியம் இந்தியக் கோயில்களுக்கு ஒரு யாத்திரை ஒழுங்கு செய்தது. போகும் வழியில் டுபாயில் இரண்டு நாட்கள். அதில் ஒரு பின்னேரம் பாலைவனச் சவாரி. ஒழுங்குசெய்தவர் பியர்பொன்ட்ஸில் வசிக்கும் சாரங்கன், ஒன்றியத்தின் செயலாளர். பயணிகள் இருபத்துமூன்று பேர். இத்தனை வருடமாகத் தட்டு ஏற்றி அனுப்பிய விமானத்தில் ஒருமுறை தானும் இருந்து சாப்பிட வேண்டும் என்ற ஆசையில் பாரிஜாதமும் பெயர் கொடுத்தார்.

மணல் தொடங்கும் இடத்தில் சாரதிகள் டயர்களின் காற்றைப் பாதி இறக்கினார்கள். பிறகு நான்கு ஜீப்புகளும் மேடுகளின் மேல் பாய்ந்தன. உச்சியில் வண்டி ஒரு கணம் தயங்கும். கண்ணாடிக்கு வெளியே வானம் மட்டும் இருக்கும். மறுகணம் மூக்குக் குப்புற மணலுக்குள் இறங்கும். நடு இருக்கையில் ஜன்னலோரம் பாரிஜாதம், அவருக்குப் பக்கத்தில் பழைய சிநேகிதி றோஸ்மேரி, அந்தப் பக்கம் றோஸ்மேரியின் கணவர் அல்பேட். முன்னால் சாரங்கன்.

"யேசுவே, என்னைக் காப்பாத்தும்!" என்று றோஸ்மேரி ஒவ்வொரு மேட்டிலும் அலறினார்.

"உன்ர சத்தத்துக்கு இந்த மேடெல்லாம் இடிஞ்சு விழப்போகுது. அவர் மணலைக் காப்பாத்துறதோ உன்னைக் காப்பாத்துறதோ?" என்றார் அல்பேட்.

பாரிஜாதம் வாய்விட்டுச் சிரித்தார். தன் தொண்டையில் அப்படியொரு சத்தம் இருப்பதை அவர் அன்றுதான் அறிந்தார்.

உயரமான மேடொன்றின் அடியில் வண்டிகள் நின்றன. "இருவது நிமிசம்! படமெடுக்கிற ஆக்கள் எடுங்கோ. நாலு நாப்பதுக்கு வெளிக்கிடுறம்" என்று சாரங்கன் சத்தமிட்டார். பாரிஜாதம் மேட்டில் ஏறினார். காற்று மணலில் வரிவரியாகக் கோடு கீறியிருந்தது. உச்சியில் மணல் புகைபோல் பறந்துகொண்டிருந்தது. மறுபக்கம் சற்றே இறங்கி நின்று பார்த்தார். மணிக்கூட்டைப் பார்த்துத் திரும்பினார். காற்றின் இரைச்சலில் வேறு சத்தம் கேட்கவில்லை; பறக்கும் மணலில் அடிவாரமும் தெரியவில்லை. கீழே வந்து சேர்ந்தபோது நாலு முப்பத்தெட்டு.

வண்டிகள் இல்லை. சக்கரத் தடங்கள் மட்டும் இருந்தன. அவற்றையும் காற்று தூர்க்கத் தொடங்கியிருந்தது.

அவருடைய கைபேசிக்கு அந்நாட்டில் இணைப்பு இல்லை. தடத்தைப் பிடித்து நடந்தால் தொலைந்துபோவோம் என்று கணக்கிட்டு, நின்ற இடத்திலேயே நின்றார். ஒரு மணி நேரமும் ஏழு நிமிடமும். வெயில் இறங்கியது. மணல் குளிர்ந்தது. இப்போது எண்ணியிருப்பார்கள், இப்போது திரும்பியிருப்பார்கள் என்று ஒவ்வொரு ஐந்து நிமிடமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒருவரும் வரவில்லை. கடைசியில் வேறொரு கம்பனியின் ஜீப் வந்தது. அதன் சாரதி, பெஷாவரைச் சேர்ந்த மனிதர், தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். குடித்து முடித்ததும் பாரிஜாதம் தன் விமானச் சீட்டின் பின்புறத்தைக் காட்டி, தன்னைக் கண்ட நேரத்தை எழுதிக் கையொப்பமிடச் சொன்னார். சாரதி சிரித்தார். ஆனாலும் எழுதினார்: ஐந்து நாற்பத்தைந்து.

பயணிகளுக்கு இராச்சாப்பாடு போடும் கூடாரத்தில் அவர் கொண்டுவந்து விட்டபோது, அங்கே பறைச்சத்தமும் நடனமும் நடந்துகொண்டிருந்தன. சாரங்கன் எழுந்து ஓடி வந்தார்.

"எங்கயக்கா போட்டீங்கள்? உங்களைத் தேடாத இடமில்லை!"

"கோழிக்காலைக் கையில வைச்சுக்கொண்டோ தம்பி தேடினனீர்?"

எண்ணிக்கை எப்படி நடந்தது என்பதைப் பிறகுதான் அறிந்தார். சாரங்கன் ஒவ்வொரு ஜீப்பாகப் போய், "உங்கட குடும்பம் சரியோ?" என்று கேட்டிருக்கிறார். பட்டியலில் எட்டுக் குடும்பங்கள். எட்டு வீட்டுத் தலைவர்களும் "ஓம், சரி" என்றிருக்கிறார்கள். பாரிஜாதம் அந்த எட்டு ஓமில் எதற்குள்ளும் இல்லை.

இதையும் அவர் பொறுத்திருப்பார். மன்னிப்பு என்று ஒரு சொல் வந்திருந்தால் அந்த விமானச் சீட்டைக் கோப்பில் போட்டு மூடியிருப்பார். மாசி மாதம் வந்ததோ வேறு. மொரோக்கோ பாலைவனத்துக்கு அடுத்த பயணம் என்று ஒன்றியம் ஒரு விண்ணப்பப் படிவம் அனுப்பியது. அதன் தலைப்பில் இப்படி இருந்தது: "கடந்த பயணத்தில் ஒருவர் அறிவிக்காமல் விலகிச் சென்றமையால், இனிமேல் தனியாக வருவோர் ஒரு குடும்பத்தின் பொறுப்பில் மாத்திரமே சேர்த்துக்கொள்ளப்படுவர்." கடைசிக் கட்டத்தின் பெயர்: பொறுப்பான குடும்பம்.

பாரிஜாதம் அதை இரண்டு முறை வாசித்தார். முப்பது குளிர்காலங்களில் விடியற்காலை பஸ்ஸுக்குத் தனியாக நின்றவர் அவர். நீதிமன்றப் படியேறியதும் தனியாக. சத்திர சிகிச்சைக்குக் கையொப்பம் வைத்ததும் தனியாக. இப்போது ஒட்டகத்தில் ஏற அவருக்கு ஒரு வீட்டுக்காரர் பொறுப்பு நிற்க வேண்டுமாம். விட்டுவிட்டுப் போனவர்கள் ஒழுங்கானவர்கள், விடப்பட்டவர் ஒழுங்கில்லாதவர்.

தொலைபேசியை எடுத்தார்.

"அக்கா, உங்களைச் சொல்லேல்லை. பொதுவாத்தான் போட்டது" என்றார் சாரங்கன்.

"அப்ப பாலைவனத்தில பொதுவாவோ ஆளை விட்டுட்டுப் போனனீர்?"

"பங்குனிக் கூட்டத்தில கதைப்பம், அக்கா."

"கதைப்பம்."

பங்குனியின் இரண்டாம் ஞாயிறு, பின்னேரம் இரண்டு மணி, தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபம். வெளியே உருகும் பனி சேறாகிக் கிடந்தது. சாரங்கன் பயணப் படங்களைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தார். அவரே முன்னிருக்கையிலிருந்து திரும்பி எடுத்த படம் ஒன்று வந்தது: அல்பேட், றோஸ்மேரி, ஜன்னலோரம் கண்ணை மூடிச் சிரிக்கும் பாரிஜாதம். மேலும் பல படங்கள் ஓடின. பிறகு அதே இருக்கை மறுபடியும் வந்தது. அல்பேட், றோஸ்மேரி. ஜன்னலோரத்தில் ஒரு கறுப்புக் கைப்பை; கண்ணாடிக்கு வெளியே மணல் வேகத்தில் மங்கி ஓடியது.

"நிப்பாட்டும்" என்றார் பாரிஜாதம். எழுந்து நின்றார். கையில் கோப்பு இருந்தது, அதைத் திறக்கவில்லை.

"கீழ நேரம் விழுந்திருக்கு. வாசியும், தம்பி."

"நாலு... முப்பத்தாறு."

"நாலு நாப்பது எண்டு சொன்னவர் ஆர்?"

மண்டபத்தில் யாரோ இருமினார்கள்.

"றோஸ்மேரி, ஆற்ற பை அது?"

"என்ரதான்."

"ஆற்ற இடத்தில இருக்கு?"

றோஸ்மேரி கணவரைப் பார்த்தார். அல்பேட் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "குடும்பம் சரியோ எண்டு கேட்டவை. இவர் ஓம் எண்டிட்டார். நீ வேற ஜீப்பில ஏறியிருப்பாய் எண்டு நினைச்சன், பாரி."

"கேட்டனியோ?"

"இல்லை."

"ஏன் கேக்கேல்லை?"

"பை காலுக்க இடிச்சுக்கொண்டு கிடந்தது. இடம் கிடைச்சிட்டுது எண்டு தூக்கி வைச்சிட்டன்."

மணலில் நின்ற அறுபத்தேழு நிமிடங்களில்கூட இந்த ஒன்றைப் பாரிஜாதம் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

"சரியக்கா, நடந்தது நடந்துபோச்சு. விடுங்கோவன்" என்றார் சாரங்கன்.

"நடந்ததை எழுதும். பேந்து விடுறன்."

சாரங்கன் கூட்டக் குறிப்பேட்டை இழுத்து எழுதிவிட்டு வாசித்தார்: "தவறுதலாக ஒருவர் தவறவிடப்பட்டார்."

"ஒருவருக்குப் பேரிருக்கு. எழுதும். ஏன் விடுபட்டது எண்டும் எழுதும்."

மூன்றாம் முறை அது இப்படி வந்தது: "குறித்த நேரத்துக்கு நான்கு நிமிடம் முன்பாக, ஆட்களை ஒவ்வொருவராக எண்ணாமல் புறப்பட்டதால், பாரிஜாதம் பாலைவனத்தில் விடப்பட்டார். அவர்மீது தவறில்லை." சாரங்கன் கையொப்பமிட்டார். பேனையை வைத்த சத்தம் பின்வரிசை வரைக்கும் கேட்டது.

பாரிஜாதம் மேசையில் கிடந்த மொரோக்கோப் படிவத்தை எடுத்தார். பையிலிருந்து கோடு போடும் அடிமட்டத்தை எடுத்து வைத்து, கடைசிக் கட்டத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே கோட்டில் வெட்டினார். தலைப்பு வாசகத்தையும் வெட்டினார். பிறகு முதலாவது வரியில் தன் பெயரை எழுதினார்.

"இனி எல்லாத்தையும் புதுசா அச்சடிக்க வேணும்" என்று சாரங்கன் முறுமுறுத்தார்.

"அடியும்."

"அங்கயும் நீங்கள்தான் நிண்டு எண்ணுவீங்களாக்கும்?"

"ஓம். ஆளாளாய் எண்ணுவன். உம்மையும் சேர்த்து."

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தைக் கைபேசியில் இரண்டு முறை படமெடுத்தார். எழுத்துத் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பெருப்பித்துப் பார்த்தார். வாசலில் றோஸ்மேரி பாரிஜாதத்தின் குளிர்ச்சட்டையை எடுத்து வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் கோவமோ, பாரி?"

"ஓம்" என்றார் பாரிஜாதம். சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு, பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தார்.