அப்பாவின் காது மெஷின்

கொரோனா இரண்டாம் அலையில் அப்பாவுக்கு மூச்சுத் திணறியது. ஆம்புலன்ஸில் ஏற்றிப் பூந்தமல்லிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் சேர்த்தேன். வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டு அவரை மட்டும் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நோயாளியைப் பார்க்க வீட்டார் யாருக்கும் அனுமதி இல்லை.

மறுநாள் காலை வார்டு நர்ஸ் போன் செய்தார்.

"உங்கப்பாவுக்கு மூளை கொழம்பியிருக்கும்மா. எது கேட்டாலும் பதிலே இல்ல. சாப்பிட மாட்றாரு, ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடுங்கிப் போடறாரு. கையைக் கட்டி வெச்சிருக்கோம்."

அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலையில் தடதடக்கும் பிரஸ் மெஷின் பக்கத்தில் நின்று நின்றே காதைத் தொலைத்தவர் அப்பா. அவசரத்தில் அவருடைய காது மெஷினை எடுக்க மறந்திருந்தோம். அது இல்லாவிட்டாலும் எதிராளியின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். அங்கேயோ எல்லார் வாயும் மாஸ்க்கால் மூடியிருந்தது. நான் பக்கத்தில் இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன்.

"அவருக்கு மூளையெல்லாம் நல்லா இருக்கு சிஸ்டர். காதுதான் கேக்காது! காது மெஷின் வீட்லயே இருக்கு!" என்று கத்தினேன்.

"மெஷினை எடுத்துட்டு வாங்க" என்றார் நர்ஸ்.

கோவில்பதாகை வீட்டிலிருந்து மெஷினோடு ஸ்கூட்டரில் பறந்தேன். வாசலில் காவலாளி மறித்தார்.

"உள்ள எதுவும் அனுப்பக்கூடாதும்மா. ஆர்டர் கீது."

"டாக்டரைக் கூப்பிடுங்கண்ணா. அவரே வந்து முடியாதுன்னு சொல்லட்டும்."

வெயிலில் அசையாமல் நின்றேன். கடைசியில் டாக்டரே இறங்கி வந்தார். முழுதும் கேட்டுக்கொண்டார். மெஷினை எப்படி மாட்டுவதென்று காட்டியதும் வாங்கிக்கொண்டு மாடியேறினார்.

கொஞ்ச நேரத்தில் வீடியோ கால். அப்பாவின் கைகளில் கட்டு இல்லை.

"இன்னாம்மா இது? முழுசா மூடிகினு ஊசியத் தூக்கினு வந்தா நான் இன்னான்னு நெனைக்கறது? ஒருத்தர் பேசறதும் புரியல."

"சாப்டியாப்பா?"

"எங்க சாப்ட்றது, கையக் கட்டிட்டாங்க. இப்போ பசிக்குது. இட்லி கேட்டுக்கீறேன்."

அழுதுகொண்டே சிரித்தேன். அன்று முதல் அந்த வார்டில் யாரைச் சேர்த்தாலும், கண்ணாடி, பல்செட்டு, காது மெஷின் உண்டா என்று முதலில் வீட்டாரைக் கேட்டார்கள். பக்கத்துப் படுக்கைப் பெரியவருக்கும் அப்படித்தான் கண்ணாடி வந்து சேர்ந்ததாம்.

அப்பா தேறினார். வீட்டுக்கு அனுப்பிய அன்று சக்கர நாற்காலியை வேண்டாமென்று தள்ளிவிட்டு, மெதுவாக, யார் தோளையும் பிடிக்காமல் ஆட்டோ வரை நடந்து வந்தார். மேலே ஜன்னலில் நர்ஸ்கள் கைதட்டினார்கள். அப்பா நின்று, திரும்பி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினார்.