டாக்டரிடம் நான் சொல்லாமல் விட்ட பதில்

1. இடுப்பு வலி

ஷார்ஜாவில் ஒரு சீன வைத்தியக் கிளினிக்கில் பதினோரு வருடமாக இருக்கிறேன். ரிசப்ஷனும் நான்தான், தமிழ், மலையாளம், இந்தி பேசுகிறவர்களுக்கு மொழிபெயர்ப்பும் நான்தான். எங்களிடம் ‘இடுப்பு வலி’ என்று வரும் ஆண்களில் பாதிப் பேருக்கு இடுப்பில் ஒரு கோளாறும் இருக்காது. ஊருக்கு லீவில் போக இரண்டு மாதம் இருக்கும்போதுதான் அந்த வலி வரும். வந்தவர் கவுன்ட்டரில் குனிந்து என் காதோடு பேசினால் விஷயம் புரிந்துவிடும்.

முருகேசனும் அப்படித்தான் வந்தார். அறந்தாங்கிப் பக்கம், நாற்பத்து மூன்று வயது, கட்டிடங்களுக்குச் சாரம் கட்டும் ஸ்கஃபோல்டிங் ஃபோர்மேன். இருபது மாடி உயரத்தில் கம்பியில் நடக்கிற மனிதர், எங்கள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“பாய், உள்ள இருக்கது லேடி டாக்டரா?”

“ஆமா தம்பி. சீனாவுல முப்பது வருஷ சர்வீஸ் பாத்தவங்க.”

“அப்ப இடுப்பு வலின்னு மட்டும் சொல்லுங்க. மத்தது வேணாம்.”

நானும் அப்படியே சொன்னேன். டாக்டர் லின் அதிகம் பேச மாட்டார். முருகேசனின் இரண்டு மணிக்கட்டிலும் மும்மூன்று விரல் வைத்து நெடுநேரம் நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார், மடக்கி அடிநாக்கையும் காட்டச் சொன்னார். பிறகு தன் துண்டு துண்டான ஆங்கிலத்தில் என்னிடம், “இடுப்பு நன்றாக இருக்கிறது. இவர் பயந்துபோயிருக்கிறார். எப்போதிலிருந்து என்று கேள்” என்றார்.

கேட்டேன். முருகேசன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“போன லீவுல இருந்து பாய். நாப்பது நாளும் ஒண்ணும் சரிப்படல. வீட்டுக்காரி ஒரு வார்த்த சொல்லல. திட்டியிருந்தாக் கூட நல்லாருந்திருக்கும்.”

2. அடுப்பும் குழாயும்

இந்த ஆண்மைக் கோளாறைச் சீன வைத்தியம் ஓர் உறுப்பின் கோளாறாகப் பார்ப்பதில்லை. உடம்பின் சூட்டையும் இருப்புச் சக்தியையும் அவர்கள் சிறுநீரகத்தின் பேரில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஸ்கேனில் தெரியும் கிட்னியை நினைத்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கவலையும் கோபமும் ஈரலின் பேரில். சிலருக்கு அடுப்பே அணைந்துபோயிருக்கும். அவர்களுக்குக் கால் சில்லிடும், அடிக்கடி சிறுநீர் போகும். சிலருக்கு அடுப்பு எரியும், கவலையில் வழி அடைத்துக்கொண்டிருக்கும். இருவருக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. அதனால்தான் டாக்டர் தூக்கம், பசி, கால், பயம் என்று ஊர்க்கதையெல்லாம் கேட்பார்.

முருகேசனுக்கு வழி அடைப்பு என்றார். வாரத்துக்கு இரண்டு தடவை, மொத்தம் பத்து சிட்டிங். இடுப்பிலும், தொப்புளுக்குக் கீழேயும், கணுக்காலின் உள்பக்கமும் முடி போன்ற ஊசிகள். அந்த இடத்திலேயே குத்துவார்களோ என்றுதான் அவர் அதுவரை வியர்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்றதும் முதல் தடவையாகச் சிரித்தார்.

டாக்டருக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. “மாடி ஏறினால் நெஞ்சு இறுக்குமா?”

முருகேசன் என்னிடம், “லேசா அடைக்கும் பாய். நின்னா சரியாயிரும். இத மட்டும் சொல்லிராதீங்க. உயரத்துல வேல செய்ய ஃபிட்னஸ் கேப்பாங்க. அன்ஃபிட்டுன்னு போட்டா கலாஸ், வேல போச்சு” என்றார்.

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார்.

“நோ மேடம்” என்றேன்.

3. மூன்று வாரம்

நான் செய்தது தப்பு என்று எனக்கு அப்போதே தெரியும். நம்ம ஊர்ப் பக்கத்து ஆள், என்னை நம்பிச் சொன்னவர், அவர் சோற்றில் நான் மண் போடலாமா என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். முருகேசன் வரவேண்டிய நாளில் பத்து நிமிடம் தாமதமானால் வாசலுக்குப் போய் நிற்பேன்.

வேடிக்கை என்னவென்றால் அவர் தேறிக்கொண்டிருந்தார். தூக்கம் வந்தது, முகம் தெளிந்தது. “பாய், ரெண்டு நாளா காலைல நல்ல சேதி” என்று கண்ணடித்தார். ஊருக்குப் போக டிக்கெட் போட்டாயிற்று.

ஆறாவது சிட்டிங் அன்று எங்கள் கட்டிட லிஃப்ட் வேலை செய்யவில்லை. இரண்டு மாடி ஏறி வந்தவர் கதவருகிலேயே கம்பியைப் பிடித்து நின்றுவிட்டார். ஏசி அடித்தும் சட்டை முழுக்க வியர்வை. இடது கையை உதறிக்கொண்டிருந்தார். நான் நேராக உள்ளே ஓடி, அன்று விழுங்கிய பதிலைச் சொன்னேன்.

டாக்டர் ஊசித் தட்டைத் தள்ளி வைத்தார். “அடிநாக்கு நரம்பு கறுத்திருந்தது. ரத்தம் சரியாக ஓடவில்லை என்று அப்போதே சந்தேகப்பட்டேன். நீ இல்லை என்றாய். நானும் கவலை என்றே எடுத்துக்கொண்டேன்.” குரலை உயர்த்தவில்லை. “கீழே இருப்பது சின்ன ரத்தக் குழாய், முதலில் அதுதான் அடைக்கும். அடுத்தது நெஞ்சு. இதற்கு என்னிடம் ஊசி இல்லை. ஆம்புலன்சைக் கூப்பிடு.”

முருகேசன் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

“ஒங்கள நம்பித்தான பாய் சொன்னேன். வேலைக்கும் ஆகல, அதுக்கும் ஆகலன்னு ஊருக்குப் போயி நிக்கவா?”

“மொதல்ல உசுரோட போவோம் தம்பி” என்றேன்.

4. தமிழிலிருந்து தமிழுக்கு

இருதயக் குழாயில் இரண்டு அடைப்பு. அன்றே ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரி டாக்டர், இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கஷ்டம் என்றார். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் என் மூன்று வாரம் இருந்தது அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலை பார்க்கப் போனேன். மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். அவர் போனை என்னிடம் நீட்டினார்.

“எம் பொண்டாட்டி செல்விட்ட நீங்களே சொல்லுங்க பாய். எனக்கு வாய் வரல. ரெண்டு விஷயத்தையும் சொல்லிருங்க.”

எத்தனையோ மொழியில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். புருஷன் பேச்சை அவன் பெண்டாட்டிக்குத் தமிழிலேயே சொன்னது அன்றுதான். நெஞ்சைச் சொன்னேன், ஸ்டென்ட்டைச் சொன்னேன், இப்போது பயமில்லை என்றேன். பிறகு, என்ன வைத்தியத்துக்கு எங்களிடம் வந்தார் என்பதையும் மென்று விழுங்காமல் சொன்னேன்.

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. அடங்கியதும் செல்வி பேசினார்.

“போன லீவுலயே மாடி ஏறயில அவுகளுக்கு மூச்சு வாங்குச்சுண்ணே. நான் பாத்தேன். ராத்திரியும் ஒரு மாதிரிதான் இருந்தாக. கேட்டா மனசு சங்கடப்படுவாகன்னு கேக்காம விட்டுட்டேன்.”

முருகேசன் வீட்டில் சொல்லவில்லை, அந்தம்மா கேட்கவில்லை, நான் காதால் கேட்டும் டாக்டரிடம் சொல்லவில்லை. மூன்று பேரும் மரியாதை பார்த்து ஒரு மனிதனைக் குழி வரைக்கும் கொண்டுபோயிருக்கிறோம். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: நோயாளி சொன்னதில் எதை டாக்டரிடம் சொல்லலாம், எதை மறைக்கலாம் என்று முடிவுசெய்யும் அதிகாரம் நமக்கு இல்லை. பாவம் பார்த்தாலும் இல்லை. டாக்டரிடம் சொல்ல முடியாது என்று தோன்றினால், அதை நோயாளியிடமே முகத்துக்கு நேராகச் சொல்லி, மொழிபெயர்ப்பை விட்டு எழுந்துவிட வேண்டும்.

இன்னும் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று செல்வியிடம் கேட்டேன்.

“ஃபோன அவுகள்ட்ட குடுங்கண்ணே,” என்றார். “இனிமே நானே கேட்டுக்கிறேன்.”