கோலுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று

சகுந்தலா அக்காவின் தம்பி போனில் அழைத்தபோது, நாங்கள் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் குழாய்க்குப் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தோம். "அக்கா போயிட்டாங்க சார். தூக்கத்துலயே, அவங்க வூட்லயே" என்றார். 'அவங்க வூட்லயே' என்பதைக் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார்.

நாற்காலிக்கு ஒயர் பின்ன அக்காவிடம் கொடுக்காதவர்கள் நம் தெருவில் குறைவு. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். பெற்றோர் காலமான பின் தனியாகவே வாழ்ந்தார். நகராட்சிக் குடிநீர்ப் பிரிவு மேற்பார்வையாளனான நான் அவருக்குச் செய்த முதல் உபகாரம், அவர் வாசலெதிரே பள்ளம் வெட்டி, சுற்றிலும் சிவப்பு ரிப்பன் கட்டியது. காலையில் பால் வாங்க வந்தவர் நேராக உள்ளே விழுந்தார். கணுக்கால் முறிந்தது.

அதற்குப் பரிகாரமாக எங்கள் மூளைக்கு எட்டிய யோசனை, அவரை ஏதாவது பார்வையற்றோர் இல்லத்தில் சேர்த்துவிடுவது. தம்பிக்கும் சம்மதம். அதற்கான கடிதத்தை எழுதியவன் நான்தான். நகராட்சி ஆணையர் அதில் கையெழுத்திட வேண்டிய நாளில், மாவுக்கட்டு பிரித்த காலோடு கோலைத் தட்டிக்கொண்டு அக்கா தனியாக அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"குழி வெட்னது யாரு நைனா?"

"நாங்கதான்க்கா."

"சுத்தி இன்னா கட்டுன?"

"ரிப்பன். செவப்பு."

"ஆங், செவப்பா!" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "தப்பா இருந்தது குழி. வூட்ட வுட்டுப் போறது நானா?"

கேட்டுக்கொண்டிருந்த ஆணையர், என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

"முந்தின நாளே போன் பண்ணி, எங்க வெட்றீங்கன்னு சொல்லுங்க. ரெண்டு கயிறு கட்டுங்க. கீழ கோலுக்கு ஒண்ணு, மேல இடுப்புக்கு ஒண்ணு. சரியா கீதான்னு இவர கண்ண மூடிகினு நடந்து பாக்கச் சொல்லுங்க."

ஆணையர் என் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். எல்லா வார்டுகளுக்கும் அக்கா சொன்னதையே உத்தரவாக்கினார்.

முதல் சோதனையில் கயிறு தளர்ந்திருந்தது. நானே பள்ளத்துக்குள் போய் விழுந்தேன். வாசலில் நின்றிருந்த அக்கா, "இப்ப தெரிஞ்சிதா நைனா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கச் சிரித்தார். அதன்பின் பல வருடங்கள் அதே வீட்டில், தன் சமையலைச் சாப்பிட்டு, தன் சாவியைத் தானே இடுப்பில் செருகி வாழ்ந்தார். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கர்வமாக இருக்கும்.

அன்று தம்பி போனை வைத்ததும் வேலையாட்களை ஒதுங்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு பள்ளத்தை நோக்கி நடந்தேன். கீழ்க்கயிறு காலைத் தடுத்தது, மேல்கயிறு இடுப்பில் பட்டது. கண்ணைத் திறக்காமல் அங்கேயே நின்று அழுதேன்.