மிதிபடகை ஓட்டியவர்

“மே 1998, ஞாயிறு. பன்னேர்கட்டா ஏரியில் குடும்பத்தோடு மிதிபடகு ஓட்டினேன்” என்கிறது அப்பாவின் டைரி. நேற்று லிங்கராஜபுரம் வீட்டில் அம்மாவின் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். அந்த வாடையில் அந்தப் படகின் பெடல் அப்படியே நினைவுக்கு வந்தது. டைரிக் குறிப்பு தவறு என்பதை இங்கே பதிந்துவைக்கிறேன்.

சுற்றிலும் பாறைக் குன்றுகள், எதிர்க்கரையில் தண்ணீர் குடிக்கும் புள்ளிமான்கள், ஒவ்வொரு மிதிக்கும் கிறீச்சிட்டபடி நகரும் நீலப் படகு, அதன் முன்னிருக்கையில் அப்பாவும் பெடலுக்குக் கால் எட்டாத நானும், “லேடீஸ் பின்னாடி உக்காருங்க” என்று படகுக்காரர் சொல்லிவிட்டதால் பின்னால் உர்ரென்று அம்மா. ஏரியின் நடுவில் எதிர்க்காற்று வீச, அப்பாவுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. படகு நின்ற இடத்திலேயே சுற்றியது.

“எழுந்திருங்க, நான் மிதிக்கிறேன்.”

“உனக்கு என்னடி தெரியும்? கவுத்துருவ!”

“தெருவுக்கே ஜாக்கெட் தைச்சு மெஷின் மிதிக்கிற காலு இது. நகருங்க சார்!”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இடம் மாறினார் அம்மா. அதன்பின் கரை வரை அவர் கால்கள் நிற்கவே இல்லை. துறையில் படகுக்காரர், “யாகே, சாருக்கு என்னாச்சு?” என்று கன்னடம் கலந்து கேட்டார்.

“சார் பாசஞ்சர்” என்றார் அம்மா.

இன்று அங்கே படகுத்துறை இல்லை. ஏரி வேலிக்குள் வறண்டு கிடக்கிறது. யார் என்ன எழுதியிருந்தாலும் எங்களைக் கரை சேர்த்தவர் அம்மாதான். அவர் தனியாக மிதித்த தூரம் அரை கிலோமீட்டர் என்பது என் கணக்கு. வேலிக்குள் விட மறுப்பதால், அதை இன்னும் அளந்து சரிபார்க்கவில்லை.