தோத்தாங்காட்டுக் கால்பந்துக் கழகம்

கால்பந்துக் கழகத்தின் காரியதரிசி என்பவன், பந்துக்கு அடுத்தபடியாக அதிகம் உதைபடுகிற ஜீவன். பந்தாவது காற்றுப் போனால் சற்று ஓய்வெடுத்துக்கொள்ளும். நமக்கு அதுவும் கிடையாது. பஜனை மடம், வாசகசாலை, நாடக சபை என்று ஏதாவது ஒன்றுக்குக் காரியதரிசியாக இருந்து அவதிப்பட்ட புண்ணியவான்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கேளுங்கள். யுத்தத்துக்கு முந்தின வருஷங்கள்; நாமக்கல் பக்கம் ஒரு சின்ன ஊர்; நான் அங்கே போர்டு பள்ளிக்கூடத்து டிராயிங் வாத்தியார்.

பட்டம் சூட்டிய கதை

எங்கள் ஊரில் பத்துப் பதினைந்து வாலிபர்கள் சேர்ந்து கால்பந்துக் கழகம் ஆரம்பித்தார்கள். எனக்கும் ஆட ஆசை. முதல் நாள் ஓடிப்போய் ஓங்கி ஒரு உதை விட்டேன். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. என் செருப்பு மட்டும் கோலுக்குள் போய் விழுந்தது. ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய?

வெளியூர் அணிகளை ஆட்டத்துக்கு அழைக்க இங்கிலீஷில் கடுதாசி எழுத ஒரு காரியதரிசி வேண்டியிருந்தது. எங்கள் காப்டன் அர்த்தனாரி கடலைக்காய் மண்டியில் மூட்டை தைக்கிறவன், தங்கமான பிள்ளை. அவன்தான் என் தோளில் கை போட்டுத் தேற்றினான். "வருத்தப்படாதீங்க வாத்தியாரே, கழகத்துக்கு உங்க காலு வேண்டாமுங்க, கையெழுத்துப் போதும்."

ஆட்டுப் பட்டியும் கார்னர் கிக்கும்

எங்கள் பக்கம் மானாவாரி நிலத்துக்குக் காடு என்று பெயர். ஊருக்கு மேற்கே பழனியப்பக் கவுண்டருடைய காடு. கடலைக்காய் பிடுங்கியதிலிருந்து ஆடி மாத உழவு வரைக்கும் அது சும்மா கிடக்கும். அந்த ஆறேழு மாதந்தான் எங்களுக்கு மைதானம். சுற்றுவட்டாரத்தில் மற்றதெல்லாம் கல்லும் முள்ளும். கவுண்டர் மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் கழகம் அன்றோடு சரி. அதனால் வருஷா வருஷம் தை பிறந்ததும் நான் வெற்றிலை பாக்கோடு போய் அவர் முன்னால் நிற்பேன்.

கவுண்டர் காடு கொடுப்பார், ஆனால் ஆட்டுப் பட்டியை எடுக்க மாட்டார். எருவுக்காகக் காட்டில் ஆடுகளைப் பட்டி போட்டு அடைப்பதும், நாலு நாளைக்கொரு தரம் பட்டியை நகர்த்துவதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆட்டம் நடக்கிற அன்று பட்டி எந்த மூலையில் இருக்கிறதோ அந்த மூலையில் கார்னர் கிக் கிடையாது. வாழப்பாடியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த அணிக்காரர்களிடம் இந்தச் சட்டத்தை நான் முகத்தில் சிரிப்புக் காட்டாமல் விளக்க வேண்டும். ஒரே ஒரு தடவை, ஆட்டத்துக்காகப் பட்டியைக் கொஞ்சம் நகர்த்தலாமா என்று கவுண்டரைக் கேட்டுப் பார்த்தேன். "ஆடு படுத்தா எங்காட்டுல கடலை வெளையுமுங்க வாத்தியாரே, நீங்க ஓடுனா என்ன வெளையும், சொல்லுங்க பாக்கலாம்?"

மாதன் கோலில் நின்றது

கருவேல முள்ளிருக்கும் காட்டில் பந்துக்கு ஆயுசு எவ்வளவு என்று கேட்காதீர்கள். உள்ளே ரப்பர் பை ஓட்டையாகும், வெளியே தோல் தையல் விடும். அதனால் ஆட்டத்துக்கு ஆட்டம் மாதனைக் கூப்பிட்டுக் கோட்டுக்கு வெளியே உட்கார வைப்போம். ஓடைக்கு அந்தப் பக்கம் தோல் வேலைக்காரர்கள் குடியிருக்கும் வளவு; அவன் அங்கே செருப்பும் ஏற்றத்துக்குத் தோல் பையும் தைக்கிறவன். என் வயசுதான் இருக்கும். குத்தூசியும் மெழுகு நூலுமாக, மூத்திரம் போய்விட்டு வருகிற நேரத்துக்குள் பந்தைத் தைத்து, கையால் எறியாமல் தரையில் உருட்டிவிடுவான்.

ஒரு நாள் எங்கள் கோல்கீப்பருக்குக் குளிர் காய்ச்சல். எதிரே தம்மம்பட்டி அணி தயாராக நிற்கிறது. பதினோராவது ஆள் இல்லை. அர்த்தனாரி யாரையும் கேட்கவில்லை, மாதன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கம்பங்களுக்கு நடுவில் நிறுத்திவிட்டான். அடேயப்பா, என்ன ஆட்டம்! இடது பக்கம் பாய்ந்தான், வலது பக்கம் பாய்ந்தான், முள்ளென்றும் பார்க்கவில்லை, கல்லென்றும் பார்க்கவில்லை. ஒரு பந்து உள்ளே போகவில்லை. ஜனங்கள் தட்டிய தட்டில் பட்டியிலிருந்த ஆடுகள் மிரண்டுவிட்டன. ஆட்டம் முடிந்ததும் ஓடிப்போய், எப்படியப்பா பிடித்தாய் என்று கேட்டேன். முழங்கை ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "பந்து எனக்குப் பழக்கமுங்க, எனக்குக் கை தட்டறதுதானுங்க புதுசு."

நான் தலை குனிந்தது

அந்தப் பருவத்தில் வரிசையாக நாலு ஆட்டம் ஜெயித்தோம். நாலிலும் மாதன்தான் கோல். ஐந்தாவதுக்கு முன்னால் கவுண்டர் ஆளனுப்பினார். போனேன். உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார். பங்காளிகள் ஏதேதோ பேசுகிறார்களாம், நாலு பேர் மத்தியில் தலை காட்ட முடியவில்லையாம். மாதன் பந்து தைக்கலாம், ஆடக் கூடாது. ஆடினால் நாளைக்கே ஏர் பூட்டிவிடுவார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சொல்லவில்லை. காடு போனால் கழகம் போச்சு என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போனேன். மாதன் தோலைத் தண்ணீரில் ஊற வைத்துக்கொண்டிருந்தான். நான் மென்று விழுங்கி விஷயத்தைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் கையை வெளியே எடுக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சரிங்க சாமி, பந்து கிழிஞ்சா கொண்டாங்க, தைச்சுத் தாரேன்."

சந்தையில் கேட்ட விலாசம்

பிறகு தோற்க ஆரம்பித்தோம். ஒன்று, மூன்று, ஆறு என்று கோல்கள் தம் பாட்டுக்கு விழுந்தன. பழைய கோல்கீப்பர் நல்லவன், பாவம். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வான். மாதன் வழக்கம்போலக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பான். ஒவ்வொரு கோல் விழும்போதும் அவன் உட்கார்ந்த இடத்திலேயே தோள் ஒரு பக்கம் சாயும். அதை நான் பார்க்காமலிருக்க ஆட்டையும் மரத்தையும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதற்குள் கவுண்டருக்கு ஒரு வினை வந்து சேர்ந்தது. முதல் வருஷத்தில் கேலி பேசியவர், இப்போது ஒரு ஆட்டம் விடாமல் வேப்ப மரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்துவிடுவார். தோற்றால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. ஒரு நாள் மாடு பிடிக்கச் சந்தைக்குப் போனார். நானும் கூட இருந்தேன். பேரைச் சொன்னதும் மாட்டுத் தரகர் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "எந்தப் பழனியப்பக் கவுண்டருங்க, நம்ம தோத்தாங்காட்டுக் கவுண்டருங்களா?"

மாதன் போட்ட நிபந்தனை

கவுண்டர் மாடு பிடிக்காமலே திரும்பினார். ஊர் வந்து வண்டி நின்றது. இறங்கும்போது என் முகத்தைப் பார்க்காமல், "அவனை ஆடச் சொல்லுங்க" என்றார். நான் அப்படியே ஓடையைத் தாண்டி ஓடினேன். பின்னாலேயே அர்த்தனாரியும் வந்தான். மாதன் துள்ளிக் குதிப்பான் என்று நினைத்தேன். அவன் வார் அறுப்பதை நிறுத்தவில்லை. ஆட வருவதென்றால் ஆட மட்டுந்தான் வருவானாம், பந்தை வேறு யாராவது தைத்துக்கொள்ள வேண்டுமாம். அர்த்தனாரிக்குப் புரியவில்லை. உன்னைப்போல் யாரப்பா தைப்பார்கள் என்றான்.

ஊரில் அந்தத் தோலைக் காலால் உதைக்காத ஆள் கிடையாது. மடியில் வைத்துக் குத்தூசி பிடிக்க ஒருவன் கிடையாது. பிடித்தால் அவனும் ஓடைக்கு அந்தப் பக்கத்து ஆள் என்று ஊர் சொல்லிவிடும். தினமும் சாக்கு தைக்கிற அர்த்தனாரிகூடத் தரையைப் பார்த்தான். மாதனுக்கு இதெல்லாம் தெரியாதா? தெரிந்துதான் கேட்டான். அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தான். "தைக்கறவனா இருந்தா கிழிஞ்சப்பக் கூப்பிடுவீங்க, தைச்சதும் தள்ளி நில்லும்பீங்க, ஆடறவனா இருந்தாத்தானுங்க ஆட்டம் முடியற வரைக்கும் உள்ள இருக்க முடியும்."

என் கைவேலை

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கக் குனிந்தவன், குனிந்த வாக்கில் அவன் குத்தூசியை எடுத்துக்கொண்டேன். யோசித்திருந்தால் எடுத்திருக்க மாட்டேன். அன்று சாயங்காலம் முழுக்க அவன் வாசலில் உட்கார்ந்து பந்தைத் தைத்தேன். விரலில் குத்தாத இடமில்லை. வீட்டில் தலை முழுகிவிட்டு வாசற்படி ஏறச் சொன்னார்கள். அப்படியானால் தினமும் முழுக வேண்டியிருக்கும் என்றேன். இரண்டு நாள் எனக்குச் சோறு போட்டவர்கள் பேச்சுப் போடவில்லை. பள்ளிக்கூடத்திலும் முதுகுக்குப் பின்னால் ஏதேதோ சொன்னார்கள். சொல்லட்டும் போ!

ஞாயிற்றுக்கிழமை வாழப்பாடியோடு ஆட்டம். நான் தைத்த பந்து. ஆரம்பித்த சூட்டிலேயே அவர்கள் ஒரு உதை விட்டார்கள். மாதன் இடது பக்கம் பாய்ந்தான். பந்து நடுவழியில் மனசு மாறி வலது பக்கமாக உள்ளே போய்விட்டது. கூட்டம் உச்சுக்கொட்டியது. எனக்கு உயிரே போய்விட்டது. கவுண்டர் கட்டிலைவிட்டு எழுந்துவிட்டார். மாதன் பந்தை எடுத்து, நிதானமாகத் திருப்பித் திருப்பி என் தையலைத் தடவிப் பார்த்தான். அதற்கப்புறம் ஒன்றுகூட உள்ளே விடவில்லை. அர்த்தனாரி இரண்டு கோல் போட்டான். இடைவேளையில் பானைத் தண்ணீரை மாதன் எங்களோடு நின்று எங்கள் சொம்பிலேயே குடித்தான். கவுண்டர் அந்த நேரம் பார்த்து ஆடுகளை எண்ணப் போய்விட்டார். அவரால் முடிந்தது அவ்வளவு.

ஜெயித்த பிறகு நான் மாதனிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று சொல்லவில்லை. பந்துக்கென்று அவன் எடுத்துக்கொண்டானோ, எல்லாவற்றுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டானோ, தெரியாது. தன்னுடைய தையலென்றால் பந்து வளைகிற பக்கம் கைக்கே தெரியுமாம், என்னுடையது பிடிபடவில்லையாம். பந்தை என் கையில் கொடுத்துச் சிரித்தான். "கோணலாத் தைச்சாலும் பரவால்லீங்க வாத்தியாரே, ஒவ்வொருக்காலும் ஒரே மாதிரி கோணலாத் தையுங்க, மிச்சத்தை நான் பழகிக்கறேன்."

காரியதரிசியாக இருந்த அத்தனை வருஷத்திலும் நான் பிசகாமல் செய்த காரியம், ஒரே மாதிரி கோணலாகத் தைத்தது ஒன்றுதான்.